பிலடெல்பியா பழைய நகரத்தில் 3 மணி நேர நடைச் சுற்றுலா: போகலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டிப்பாகப் போகலாம். கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது. ஆனால் இரண்டு மூன்று விஷயங்களில் எனக்குக் கோபமும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பிலடெல்பியாவின் பழைய நகரப் பகுதியை நடந்தே சுற்றிக் காட்டும் சேவைகள் நிறைய இருக்கின்றன. நாங்கள் எடுத்தது மூன்று மணி நேரச் சுற்று, காலை 9.30க்குத் தொடங்குவது, அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்கள் வாழ்ந்த, கூடிய, சண்டை போட்ட இடங்களைக் காட்டுவது. கம்பெனி பெயரைப் போடவில்லை. யாரிடம் புக் செய்தாலும் எதை எதிர்பார்க்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் படிப்பவருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

போனது 2024 மே மாதம். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள், அப்பா. அப்பாவுக்கு 73 வயது, சரித்திரப் புத்தகங்களிலேயே ஊறியவர், வாஷிங்டன், ஜெஃபர்சன், ஃபிராங்க்ளின் என்றால் அவருக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு பக்தி. மகளோ பள்ளியில் இதையெல்லாம் பரீட்சைக்குப் படித்து அலுத்துப் போனவள். இந்த இரண்டு பேரையும் ஒரே சுற்றுலாவில் திருப்திப்படுத்துவது நடக்கிற காரியமா என்றுதான் புக் செய்யும்போதே யோசனை.

நடந்தது. அதற்குக் காரணம் கைடுதான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, அறுபதைத் தாண்டியவர், கையில் கொடியும் இல்லை, அந்தக் காலத்து உடையும் போட்டிருக்கவில்லை. ஒரு துணிப்பை, அதற்குள் பிளாஸ்டிக் உறை போட்ட பழைய கடிதங்கள், விளம்பரங்களின் நகல்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு இடத்திலும் ஒரு காகிதத்தை எடுத்து, அதைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுவார். அப்புறம்தான் பேச்சே.

ஆரம்பித்த இடம் 7ஆம் தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கிற மூலை. 1776 மே மாதம் ஜேகப் கிராஃப் என்கிற கொத்தனாரிடம் முதல் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துத் தங்கினார் தாமஸ் ஜெஃபர்சன், 33 வயது. அன்றைக்கு அது ஊரின் ஓரம், நடுநகரத்தின் வெக்கையிலிருந்து கொஞ்சம் தப்பிக்கலாம் என்று வந்தார். அங்கேதான் சுதந்திரப் பிரகடனத்தின் வரைவை எழுதினார். இப்போது நிற்பது அசல் வீடு இல்லை, அதை 1883இல் இடித்துவிட்டார்கள், இது 1975இல் மறுபடி கட்டியது. இதைக் கைடு அம்மா தானாகவே முதலில் சொன்னார், எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு ஒரு கேள்வி கேட்டார்: ஜெஃபர்சன் எழுதிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டில் அவருக்கு வேலை செய்ய வேறு யார் இருந்தார்கள்? கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. ராபர்ட் ஹெமிங்ஸ், 14 வயதுப் பையன், ஜெஃபர்சனின் அடிமை. அதோடு ஜெஃபர்சனின் மனைவி மார்த்தாவுக்கு ஒரே அப்பாவுக்குப் பிறந்த தம்பியும்கூட. எல்லா மனிதர்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரி எழுதப்பட்டபோது அந்தப் பையன் பக்கத்து அறையிலோ படிக்கட்டிலோ இருந்திருப்பான். என் மகள் அதுவரை செல்போனில் இருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள். “அவன் என்னைவிட இரண்டு வயசுதான் பெரியவன்” என்று என்னிடம் சொன்னாள். அவனுக்கு விடுதலை கிடைத்தது 1794இல், அதுவும் பணம் கட்டி.

அப்பா முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஜெஃபர்சனை இழிவுபடுத்துகிறார்களோ என்று அவருக்கு. ஆனால் அந்த அம்மா அங்கே நிறுத்தவில்லை. ஜெஃபர்சன் தன் வரைவில் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு நீளமான பத்தி எழுதியதையும், தெற்கு கரோலினாவும் ஜார்ஜியாவும் ஒத்துக்கொள்ளாததால் பதின்மூன்று காலனிகளின் சபையான காங்கிரஸ் அதை வெட்டி எறிந்ததையும் சொன்னார். அதே மனிதர் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமையாக வைத்திருந்தார் என்பதையும் சொன்னார். இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். இந்தச் சுற்றுலாவில் எனக்குப் பிடித்ததே இந்தக் குணம்தான். யாரையும் சாமியாக்கவும் இல்லை, யாரையும் தூக்கிப் போட்டு மிதிக்கவும் இல்லை.

நடந்துகொண்டே ஒரு கதை சொன்னார், ஜெஃபர்சனே பிற்காலத்தில் எழுதி வைத்தது. காங்கிரஸ் தன் வரைவை வரி வரியாக வெட்டும்போது அவர் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த ஃபிராங்க்ளின் சமாதானம் சொல்கிறார். ஒரு தொப்பிக்காரர் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதினார், ஜான் தாம்சன், தொப்பிக்காரர், தொப்பி செய்து ரொக்கத்துக்கு விற்கிறார், கீழே ஒரு தொப்பிப் படம். நண்பர்களிடம் காட்டினால் ஒருவர் தொப்பிக்காரர் என்பது வேண்டாம் என்கிறார், இன்னொருவர் ரொக்கம் எதற்கு என்கிறார், இன்னொருவர் விற்கிறார் என்று எதற்குச் சொல்ல வேண்டும், சும்மாவா கொடுப்பாய் என்கிறார். கடைசியில் பலகையில் மிஞ்சியது பெயரும் படமும் மட்டும். மகள் இதைக் கேட்டுச் சிரித்ததோடு, அன்று ராத்திரி தன் பாட்டிக்குப் போனில் திருப்பிச் சொன்னாள்.

அடுத்தது இண்டிபென்டன்ஸ் ஹால், சுதந்திரப் பிரகடனமும் அரசியல் சட்டமும் நிறைவேறிய கட்டடம். இதற்குள் வெளி கைடுகள் பேச முடியாது, தேசியப் பூங்காத் துறையின் ரேஞ்சர்தான் கூட்டிக்கொண்டு போவார். முன்பதிவுக் கட்டணம் ஒரு ஆளுக்கு 1 டாலர். இங்கேதான் என் முதல் புகார். சுற்றுலா விளம்பரத்தில் உள்ளே நுழையும் டிக்கெட்டும் சேர்த்தி என்பது போல எழுதியிருந்தார்கள், புக் செய்த பிறகு வந்த மின்னஞ்சலில் கீழே சின்ன எழுத்தில் “நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும்” என்று இருந்தது. நான் முந்தின வாரமே பார்த்ததால் தப்பித்தேன். எங்கள் கூட்டத்தில் ஆறு பேர் டிக்கெட் இல்லாமல் வெளியே புல்தரையில் நின்றார்கள், அதில் ஒரு குடும்பம் ரொம்ப தூரத்திலிருந்து இதற்காகவே வந்தது. ஒரு டாலர் விஷயம்தான், ஆனால் அந்த நேரத்துக்கான சீட்டு தீர்ந்துவிட்டால் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காது. கம்பெனி இதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். நான் எழுதிக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

உள்ளே முதலில் நீதிமன்ற அறை, பிறகு எதிரே அந்தக் கூட்ட அறை. கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் நிற்கலாம். பச்சைத் துணி விரித்த சின்னச் சின்ன மேஜைகள், இறகுப் பேனாக்கள், மெழுகுவர்த்தித் தண்டுகள், எதிர்ச்சுவரில் இரண்டு கணப்புகள், நடுவில் ஒரு மேடை, மேடையில் உயரமான முதுகு வைத்த நாற்காலி. அந்த நாற்காலியின் உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கித் தங்கப்பூச்சு பூசியிருக்கிறது. அறையின் பெரும்பாலான சாமான்கள் அந்தக் காலத்துச் சாமான்களே தவிர அந்த அறையில் இருந்தவை இல்லை. இந்த நாற்காலி மட்டும் அசல்.

உள்ளே போவதற்கு முன்பே கைடு அம்மா எங்களைத் தயார் செய்திருந்தார். அந்த நாற்காலி 1779இல் ஜான் ஃபோல்வெல் என்பவர் செய்தது, ஆகவே 1776 பிரகடனத்தின்போது அது அங்கே இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். அது 1787இன் நாற்காலி. அந்த வருஷம் மே 25இலிருந்து செப்டம்பர் 17 வரை, ரகசியம் காக்க ஜன்னலையும் கதவையும் சாத்திக்கொண்டு, கோடை முழுக்க அரசியல் சட்டத்தை எழுதினார்கள். நாற்காலியில் தலைவராக வாஷிங்டன். எதிரே 81 வயது ஃபிராங்க்ளின், அந்தச் சபையிலேயே மூத்தவர், கடைசி நாள் உரையைக்கூட நின்று படிக்க முடியாமல் ஜேம்ஸ் வில்சனைப் படிக்கச் சொன்னவர். மற்றவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, இத்தனை மாதமும் அந்தச் சூரியனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், உதிக்கிறதா மறைகிறதா என்று தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது, உதிக்கிற சூரியன்தான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாராம். இதை எழுதி வைத்தது மேடிசன், அன்றாடம் நடந்ததைக் குறிப்பெடுத்தவர்.

அப்பா அந்தத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரேஞ்சர் அடுத்த கூட்டத்துக்காக எங்களை நகரச் சொன்னபோதும் கடைசியாக வெளியே வந்தவர் அவர்தான். “எவ்வளவு சின்ன அறைடா” என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது. படங்களில் பார்க்கும்போது ஏதோ அரண்மனை மண்டபம் மாதிரி இருக்கும். நேரில் பார்த்தால் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்தால் ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படும் இடம். பிடிக்காதவனைப் பார்க்காமல் இருக்கவே முடியாத அறை.

பக்கத்துக் கட்டடம் காங்கிரஸ் ஹால், நிறைய பேர் தவறவிடுகிறார்கள். 1790இலிருந்து 1800 வரை பிலடெல்பியாதான் தலைநகரம், கீழே பிரதிநிதிகள் சபை, மேலே செனட். 1797 மார்ச் 4ஆம் தேதி ஜான் ஆடம்ஸ் ஜனாதிபதியாகப் பதவியேற்றது கீழே இருக்கும் அறையில். கைடு அம்மா பையிலிருந்து எடுத்த காகிதம் அடுத்த நாள் ஆடம்ஸ் தன் மனைவி அபிகெயிலுக்கு எழுதிய கடிதம். வாஷிங்டன் முகம் தெளிவாக இருந்ததாம், நான் வெளியே வந்துவிட்டேன், நீ உள்ளே போய்விட்டாய், யாருக்கு நிம்மதி என்று பார்ப்போம் என்று அவர் மனசுக்குள் நினைத்தது தன் காதில் விழுந்தது போல இருந்தது என்று எழுதுகிறார். ஆட்சியில் இருக்கிற ஒருவர் சண்டை இல்லாமல் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்த ஒரு கடிதத்தை வைத்தே புரிய வைத்தார்.

சரி, இனிமேல் வருவதுதான் இந்தச் சுற்றுலாவின் உயிர்.

6ஆம் தெருவும் மார்க்கெட் தெருவும் சேரும் இடத்தில், லிபர்ட்டி பெல் என்ற புகழ்பெற்ற பழைய மணி இருக்கும் கட்டடத்தின் வாசலை ஒட்டி, கூரையே இல்லாத ஒரு வீடு மாதிரி சுவர்களும் ஜன்னல் சட்டங்களும் நிற்கின்றன. வாஷிங்டனும் ஆடம்ஸும் ஜனாதிபதிகளாகக் குடியிருந்த வீட்டின் இடம் இது. வீட்டை 1832இல் இடித்துவிட்டார்கள். 2007இல் தோண்டியபோது அஸ்திவாரம் கிடைத்தது, சமையலறையும், வேலைக்காரர்கள் யார் கண்ணிலும் படாமல் போய்வர இருந்த சுரங்க வழியும், வாஷிங்டன் விருந்தாளிகளை வரவேற்க ஆசைப்பட்டுக் கட்டிய வளைவான ஜன்னல் பகுதியும். 2010 டிசம்பரில் நினைவிடமாகத் திறந்தார்கள். கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தால் அந்தக் கற்கள் தெரிகின்றன. ஒரு கருங்கல் சுவரில் ஒன்பது பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. வாஷிங்டன் இந்த வீட்டில் வைத்திருந்த ஒன்பது அடிமைகளின் பெயர்கள்.

லிபர்ட்டி பெல்லைப் பார்க்க நீளமான வரிசை. அந்த வரிசை நிற்கிற இடத்துக்குச் சில அடி தள்ளித்தான் அடிமைகள் சிலர் படுத்துத் தூங்கிய கொட்டகை இருந்தது.

கைடு அம்மா எடுத்த காகிதம் 1796 மே மாதத்துப் பத்திரிகை விளம்பரம். இந்த முறை மகளிடம் கொடுத்தார். ஜனாதிபதி வீட்டிலிருந்து ஓனி ஜட்ஜ் என்ற பெண் ஓடிப்போய்விட்டாள், பிடித்துக் கொண்டுவருபவருக்கு 10 டாலர். வீட்டு நிர்வாகி ஃபிரெடரிக் கிட் கொடுத்த விளம்பரம் அது. ஓனிக்கு அப்போது 22 வயது இருக்கும், மார்த்தா வாஷிங்டனுக்கு உடை மாட்டிவிடுவது, தைப்பது எல்லாம் அவள் வேலை. வாஷிங்டனும் மார்த்தாவும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வெர்ஜீனியா போவதற்காக எல்லோரும் மூட்டை கட்டுகிற நேரத்தில் தன் மூட்டையையும் கட்டி, ஊரில் இருந்த சுதந்திரக் கறுப்பின நண்பர்கள் உதவியோடு கிளம்பிவிட்டாள். மார்த்தா தன்னைப் பேத்திக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்கப்போகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கப்பல் ஏறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத்துக்குப் போனாள்.

பென்சில்வேனியாவில் 1780இலேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் வந்துவிட்டது. வெளியூர்க்காரர் கொண்டுவந்த அடிமை ஆறு மாதம் தொடர்ந்து இங்கே இருந்தால் விடுதலை கேட்கலாம். அதனால் வாஷிங்டன் ஆறு மாதம் முடிவதற்குள் அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்வார். 1791இல் தன் செயலாளர் டோபியாஸ் லியருக்கு எழுதிய கடிதத்தில், அவர்களுக்கும் ஊருக்கும் விஷயம் தெரியாதபடி ஏதாவது சாக்கு வைத்துச் செய்யச் சொல்கிறார். அப்பா இந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் ஐம்பது வருஷமாக மதிக்கிற மனிதர்.

பிறகு அவரே கைடு அம்மாவிடம், என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, ஒரு கேள்வி கேட்டார். “கடைசி வரைக்கும் அந்தப் பெண்ணை விடவே இல்லையா அவர்?”

இல்லை. ஆள் அனுப்பினார். போர்ட்ஸ்மத் சுங்க அதிகாரி ஜோசஃப் விப்பிளிடம் ஓனி, உங்கள் இருவர் காலத்துக்குப் பிறகு எனக்கு விடுதலை தருவதாக எழுதிக் கொடுத்தால் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். வாஷிங்டன் மறுத்துவிட்டார். அதே வாஷிங்டன் 1799இல் எழுதிய உயிலில் தன் பெயரில் இருந்த 123 அடிமைகளுக்கு, மார்த்தா காலத்துக்குப் பிறகு, விடுதலை கொடுத்தார். அன்றைய பெரிய தலைவர்களில் இப்படிச் செய்தவர் அரிது. ஆனால் ஓனி மார்த்தாவின் முதல் கணவர் குடும்பச் சொத்து என்ற கணக்கில் வந்தவள், அந்த உயில் அவளைத் தொடவில்லை. சட்டப்படி அவள் சாகும்வரை, 1848 வரை, ஓடிப்போன அடிமைதான். வயதான காலத்தில் பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்டபோது, போனதற்கு வருத்தப்படவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

இதையெல்லாம் அந்த அம்மா குரலை உயர்த்தாமல், ஜன்னல் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். வாஷிங்டனைப் பற்றி இதற்கு முன் நான் படித்தது எதிலும் அவர் இவ்வளவு பக்கத்தில் தெரிந்ததில்லை. நடந்துபோகும்போது அப்பா, “அந்த உயிலை எழுதும்போது அவள் ஞாபகம் அவருக்கு வந்திருக்குமா?” என்று என்னிடம் தமிழில் கேட்டார். அவருக்கு மரியாதை போய்விடவில்லை. ஆனால் வேறு மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்றும் இங்கேயே. இந்த வீட்டின் சொந்தக்காரர் ராபர்ட் மாரிஸ், புரட்சிப் போருக்குப் பணம் திரட்டியவர், பிரகடனத்திலும் அரசியல் சட்டத்திலும் கையெழுத்துப் போட்டவர். தன் வீட்டை வாஷிங்டனுக்குக் கொடுத்தவர் நிலம் வாங்கி விற்று நொடித்துப் போய், 1798இலிருந்து 1801 வரை இங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில் கடன்காரர் சிறையில் கிடந்தார். நான் இவர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

லிபர்ட்டி பெல்லுக்குச் சுற்றுலாவில் தந்தது பத்தே நிமிடம், அது போதும். 1776 ஜூலை 4 அன்று அடித்த மணி இல்லை அது, அது பிற்காலத்தில் ஒரு கதை எழுத்தாளர் கட்டிய கதை, லிபர்ட்டி பெல் என்ற பெயரே 1830களில் அடிமை ஒழிப்புக்காரர்கள் வைத்தது என்று சொல்லி முடித்தார்.

ஃபிராங்க்ளின் வீடு இருந்த முற்றமான ஃபிராங்க்ளின் கோர்ட்டில்தான் என் இரண்டாவது புகார். 25 நிமிடம் என்று போட்டிருந்த இடத்தில் எங்களுக்குக் கிடைத்தது பன்னிரண்டு. கூட்டம் 24 பேர், ஒலிபெருக்கி கிடையாது, தெருச் சத்தத்தில் பின்னால் நிற்பவருக்கு எட்டவில்லை என்பதால் ஒவ்வொரு இடத்திலும் அந்த அம்மா சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது, நேரம் எல்லாம் அதிலேயே போனது. அவர் மேல் தவறே இல்லை. 24 பேரை ஒருவர் தலையில் கட்டிய கம்பெனி மேல்தான். பதினைந்துக்கு மேல் போகக்கூடாது. புக் செய்யும்போது எத்தனை பேர், காதில் மாட்டும் கருவி தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

அதனால் நாங்கள் சுற்றுலா முடிந்த பிறகு தனியாகத் திரும்பி வந்தோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஃபிராங்க்ளினின் வீடு 1812இல் இடிக்கப்பட்டது. எப்படி இருந்தது என்பதற்குச் சரியான படம் கிடையாது என்பதால் மறுபடி கட்டாமல், வீட்டின் வடிவத்தை வெறும் இரும்புச் சட்டங்களாக 1976இல் நிறுத்தியிருக்கிறார்கள். ஆகாயத்தில் கோடு போட்டது மாதிரி. கீழே அஸ்திவாரத்தையும் கழிப்பறைக் குழியையும் பார்க்கத் தரையில் துவாரங்கள். கல் பாவிய தரையில் அவரும் மனைவி டெபோராவும் எழுதிக்கொண்ட கடித வரிகள் செதுக்கியிருக்கின்றன. இந்த வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் அவர் லண்டனுக்குப் போய்விட்டார். மிச்சத்துக்கு மேஸ்திரி வேலை பார்த்தது டெபோரா. அவருக்குக் கடல் பயணம் என்றால் பயம், அவர் கப்பல் ஏறவில்லை. ஃபிராங்க்ளினும் அவர் உயிரோடு இருந்தவரை திரும்பி வரவில்லை. 1774 டிசம்பரில் டெபோரா இறந்தபோது கணவரைப் பார்த்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. என் மனைவி அந்தக் கல்வெட்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தாள், வேறு எந்த இடத்திலும் அவள் அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

அங்கேயே இருக்கும் அச்சுக்கூடத்தை விட்டுவிடாதீர்கள். தோல் சுற்றிய இரண்டு மைப் பந்துகளை ஒன்றோடொன்று உருட்டி, எழுத்துக்கட்டின் மேல் டப் டப் என்று ஒற்றி, தாளை வைத்து மூடி, பலகையை உள்ளே தள்ளி, ரேஞ்சர் ஒரு கம்பை உடம்பின் முழு எடையோடு இழுக்கிறார், மரம் முனகுகிறது. வெளியே வந்த தாளைக் கயிற்றில் காயப்போடுகிறார். 1723இல் 17 வயதில் பாஸ்டனிலிருந்து ஓடிவந்த பையன் இந்த ஊரில் இப்படித்தான் பிழைத்தான். மூன்று பென்னிக்கு வாங்கிய ரொட்டிகளில் இரண்டை அக்குளில் இடுக்கி, ஒன்றைத் தின்றுகொண்டே அவன் இதே மார்க்கெட் தெருவில் போனபோது, வாசலில் நின்று பார்த்த பெண்தான் டெபோரா.

கடைசி நிறுத்தம் 5ஆம் தெரு, ஆர்ச் தெரு மூலையில் கிறிஸ்து ஆலயக் கல்லறைத் தோட்டம். உள்ளே போகச் சில டாலர், ஆனால் ஃபிராங்க்ளின் கல்லறையை வெளியிலிருந்தே கம்பி வழியாகப் பார்க்கலாம். ஆறடிக்கு நாலடியில் தட்டையான ஒரு பளிங்குக் கல், அதில் பெஞ்சமின், டெபோரா ஃபிராங்க்ளின் என்ற பெயர்களும் 1790 என்ற வருஷமும் மட்டும். கல் இந்த அளவில், இவ்வளவு எளிமையாக இருக்க வேண்டும் என்று உயிலிலேயே எழுதியிருக்கிறார். உயிலில் வருஷத்தை 178 என்று போட்டுக் கடைசி இலக்கத்துக்கு இடம் விட்டிருந்தார், அந்தப் பத்தாண்டையும் தாண்டி வாழ்ந்துவிட்டார். ஜனங்கள் அதன் மேல் ஒரு சென்ட் நாணயங்களை எறிகிறார்கள். அப்படி எறிந்தே கல் சேதமாகிச் செப்பனிட வேண்டி வந்தது, தயவுசெய்து எறியாதீர்கள். பக்கத்தில் சின்னதாக ஒரு கல், மகன் ஃபிரான்சிஸ், 1736இல் நாலு வயதில் அம்மை வந்து இறந்த குழந்தை. அம்மை குத்தாமல் விட்டுவிட்டேனே என்று அறுபது வயதுக்கு மேலும் எழுதி வருந்தியிருக்கிறார் ஃபிராங்க்ளின். பெரிய கல்லைப் பார்க்க வருபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விஷயம். அன்று மாலையே வேறொரு கம்பெனியின் ராத்திரி நடைக்கும் போனோம், விலை இதைவிடக் கொஞ்சம் அதிகம். உடையும் லாந்தரும் பிரமாதம். ஆனால் வாஷிங்டனுக்கு மரப்பல் என்றார் (தந்தமும் மனிதப் பற்களும் ஈயமும்தான், மரம் இல்லை). 56 பேரும் ஜூலை 4 அன்றே கையெழுத்துப் போட்டார்கள் என்றார் (பெரும்பாலானோர் போட்டது ஆகஸ்ட் 2). பெட்சி ராஸ் முதல் கொடியைத் தைத்த கதையை அப்படியே சத்தியம் போலச் சொன்னார். அந்தக் கதை வெளியே வந்ததே 1870இல், அவர் பேரன் வாயிலிருந்து. அவர் 1777இல் பென்சில்வேனியா கப்பல்களுக்குக் கொடி தைத்துக் கூலி வாங்கியதற்குக் கணக்கே இருக்கிறது, கணவனை இழந்து, தையல் தொழிலைத் தனியாக நடத்திய பெண், அதைச் சொன்னாலே போதுமே. அப்பா பாதியிலேயே, “ஹோட்டலுக்குப் போகலாம்ப்பா” என்றுவிட்டார். பிள்ளைகளுக்கு ஜாலியாக இருக்கும் என்று நினைத்தால் அதற்குப் போங்கள், தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் வேண்டாம்.

காலைச் சுற்றுலாவுக்கு நான் கொடுப்பது ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது டிக்கெட் குழப்பத்துக்கும் கூட்டத்துக்கும். கைடுக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து. நடை மொத்தம் இரண்டு மைலுக்குள்தான், ஆனால் சில தெருக்களில் உருளைக்கல் பாவியிருக்கிறது, முட்டி வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம், அப்பா இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. இண்டிபென்டன்ஸ் ஹாலில் பை சோதனை உண்டு, பெரிய பை வேண்டாம். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இண்டிபென்டன்ஸ் ஹால் சீட்டை முதலில் எடுத்துவிட்டு, அந்த நேரத்துக்குத் தோதாகச் சுற்றுலாவைப் புக் செய்யுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள்.

மார்க்கெட் தெரு 316இல் ஃபிராங்க்ளின் பெயரில் ஒரு தபால் நிலையம் இருக்கிறது, முதல் தபால்துறைத் தலைவர் அவர்தானே. அங்கே தபாலுக்குக் கையாலேயே முத்திரை குத்துகிறார்கள், பி. ஃப்ரீ ஃபிராங்க்ளின் என்று. மகள் இரண்டு அட்டைகள் வாங்கினாள். ஒன்று பாட்டிக்கு. இன்னொன்றில் கைடு அம்மாவுக்கு நன்றி எழுதி, கம்பெனி விலாசம் போட்டு அனுப்பினாள், கீழே ஒரு கேள்வியோடு, ராபர்ட் ஹெமிங்ஸ் அப்புறம் என்ன ஆனார் என்று. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது, இரண்டு பக்கம், கையெழுத்தில். டிக்கெட் பற்றி நான் கேட்டதற்குக் கம்பெனி போடாத பதிலை நினைத்துப் பார்த்தேன். கடிதத்தின் கடைசியில் அந்த அம்மா, அடுத்த முறை வரும்போது 6ஆம் தெருவில் தெற்கே நடந்து ரிச்சர்ட் ஆலன் என்ற கறுப்பினப் போதகர் தொடங்கிய மதர் பெத்தேல் ஆலயத்தைப் பாருங்கள், 1793 மஞ்சள் காய்ச்சலில் ஊரே ஓடியபோது நோயாளிகளைத் தூக்கிச் சுமந்தவர்களில் ஒருவர் அவர், மூன்று மணி நேரத்தில் அங்கே போக முடியவில்லை என்பதுதான் என் வருத்தம் என்று எழுதியிருந்தார். அக்டோபரில் போகலாம் என்று அப்பா இப்போதே நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.